பிச்சிக்கொடிக்கு மருந்து வாங்கி 1,850 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

ஆத்திரம் அடங்கவில்லை, ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் இலைப் படத்தைப் பார்த்து நோய் சொல்லி மருந்து அனுப்பும் ஒரு செடிக்கடையிடம் 1,850 ரூபாயை இழந்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை வீட்டில் மாடிவரை ஏறிய பிச்சி, அம்மா வைத்தது. பங்குனி வெயிலில் இலையெல்லாம் ஊசி குத்தியதுபோல வெளிர் புள்ளி. அப்புறம் இலை பழுப்பேறி, கொழுந்தில் மெல்லிய நூலாம்படை. படம் அனுப்பிய பத்தாவது நிமிடம் போன் வந்தது. "அக்கா, இது பூஞ்சை நோய்தான். எங்க அம்மாவும் பிச்சி வச்சிருக்காங்க, நான் பொறுப்பு." அந்த 'எங்க அம்மா'வில்தான் விழுந்தேன். இலையின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை அந்த ஆள். பூஞ்சைக்கு ஒரு பொடி, பூச்சிக்கு இரண்டு பாட்டில், மொத்தம் 1,850 ரூபாய். உடனே அனுப்பினேன்.

சொன்னபடியே மூன்று முறை அடித்தேன். தளிர் கருகி, இரண்டே வாரத்தில் பாதிக் கொடி மொட்டை. கேட்டால், "தண்ணி உப்பா இருக்கும்க்கா." மறுநாள், "நீங்க அளவு கூட ஊத்திட்டீங்க." அதற்கடுத்து, "இன்னொரு தடவை அடிக்கணும், 900 தான்." பணத்தைத் திருப்பிக் கேட்டேன், நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

தோவாளைப் பக்கம் பூ விவசாயம் பார்க்கும் சித்தப்பா நேற்று வந்தார். வெள்ளைத்தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினார். மிளகாய்ப்பொடித் துகள்போல விழுந்தவை ஊர ஆரம்பித்தன. செம்பேன்! இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிப்பொடியான சிவப்புச் சிலந்திப்பேன். பூஞ்சையே இல்லை. பூச்சிமருந்து அடித்ததில் செம்பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, இது இன்னும் பெருகியிருக்கும் என்றார்.

விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. முதலில் தாளில் தட்டிப் பாருங்கள். செம்பேன் என்றால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகப்பொடி) லிட்டருக்கு 2 கிராம், உச்சி வெயிலில் அடிக்கவே கூடாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்தால் போதும். பதிவு எண், காலாவதித் தேதி, நச்சுத்தன்மை காட்டும் நிறக்குறி இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். எனக்கு வந்ததில் மூன்றும் இல்லை, பில்லும் இல்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் காலையில் புகார் கொடுத்துவிட்டேன். 1,850 ரூபாய் அனுப்பிய ரசீதும் அந்த ஆளின் மெசேஜ்களும்தான் கையில் இருக்கின்றன. நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.