புதுச்சேரித் தெருவுக்கும் கடலூர் மணலுக்கும்: ஃபுல் ஃபிரேம் வைட் லென்ஸ்களில் எது தேறும்?

சோனியோ நிக்கானோ கேனானோ, பாடி எதுவாக இருந்தாலும் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் படமெடுப்பவருக்கு 16 மி.மீ. பக்கத்தில் தொடங்கும் எஃப்/4 ஜூம் ஒன்று போதும் (மி.மீ. குறையக் குறையப் பார்வை விரியும், எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்). 12, 14 என்று கீழே இறங்கவோ எஃப்/2.8-க்காகப் பையைக் கனமாக்கவோ இங்கே காரணம் குறைவு. கல்யாண வேலை செய்பவர்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. சுவருக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து, 36-ஆல் (ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ.) பெருக்கி, லென்ஸின் மி.மீ.யால் வகுத்தால், ஃபிரேமுக்குள் எத்தனை மீட்டர் அகலம் வரும் என்று தெரிந்துவிடும். 3 மீட்டர் தள்ளி நின்றால் 24-இல் 4.5 மீட்டர், 20-இல் 5.4, 16-இல் 6.75. அறைக்குள் எடுப்பவர்கள் பெரும்பாலும் மூலையில் ஒட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். எதிரே உள்ள இரண்டு சுவர்களும் முழுசாக வர 90 பாகைக் கோணம் வேண்டும். அதைச் சரியாகக் கொடுப்பது 18 மி.மீ. 20-இல் 84 பாகைதான், ஒரு பக்கம் வெட்டுப்படும். 16-இல் 97 பாகை கிடைப்பதால் ஓரம் நேராக்கிக் கத்தரிக்கவும் இடம் மிஞ்சும். இதற்கும் கீழே போனால் கூடுதலாக வருவது தரையும் மேற்கூரையும்தான். ஹோம்ஸ்டே விளம்பரத்துக்கு 12-இல் எடுத்து அறையை மைதானமாகக் காட்டினால், படத்தை நம்பி வந்தவர் வாசலிலேயே சண்டைக்கு நிற்பார்.

தெருவில் சிக்கல் அகலத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. டூமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி மாதிரி இடங்களில் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றாலும் மாடியின் கைப்பிடிச் சுவர் ஃபிரேமுக்குள் வராது. உடனே கேமராவை அண்ணாந்து பிடிப்போம். கட்டடம் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். கேமராவை அண்ணாக்காமல் மட்டமாக வைத்து, நெட்டுவாக்கில் நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். கட்டடத்துக்கு 8 மீட்டர் தள்ளி, கேமரா 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், 16 மி.மீ.யைப் படுக்கையாகப் பிடிக்கும்போது 7.6 மீட்டர் உயரம் வரைதான் தெரியும். 24 மி.மீ.யை நிமிர்த்திப் பிடித்தாலும் அதே 7.6 மீட்டர் வரும்! 20-ஐ நிமிர்த்தினால் 8.8, 16-ஐ நிமிர்த்தினால் 10.6. பழைய இரண்டு மாடி வீட்டுக்கு இது தாராளம். கீழே வீணாக வரும் சாலையைக் கத்தரித்துவிடலாம். எலெக்ட்ரானிக் லெவலைத் திரையில் போட்டு வையுங்கள். 16-இல் ஒரு பாகை தவறினாலும் தூண்கள் காட்டிக் கொடுத்துவிடும்.

புதுச்சேரியின் தமிழ்ப் பகுதி வீடுகளில் திண்ணையும் முற்றமும்தான் விஷயம். முற்றத்தின் ஒரு தூணை ஒட்டி நின்று, பக்கத்துத் தூணும் தூரத்து வாசலும் இரண்டுமே கூர்மையாக வர வேண்டுமென்றால், 16 மி.மீ., எஃப்/8-இல் 1.1 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் சுமார் 55 செ.மீ. முதல் கடைசி வரை தேறிவிடும். 20-இல் அந்த ஃபோகஸ் தூரம் 1.7 மீட்டர் ஆகும். மெகாபிக்சல் அதிகமுள்ள பாடி என்றால் எஃப்/11-க்குப் போங்கள். எஃப்/16-க்கு மேல் மூடினால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்கவே மெதுவாக மங்கும், லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

கடற்கரைச் சாலையும் பாரதி பூங்காவும் இதற்கு நேர்மாறு. காந்தி சிலை, பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் இரண்டுக்கும் பின்வாங்க இடம் தாராளமாக இருக்கிறது. அங்கே 16-ஐப் போட்டால் சிலை எறும்பாகிவிடும்; 28, 35 போதும். 16-இலேயே பூட்டிக்கொண்ட, ஜூம் ஆகாத பிரைம் லென்ஸைவிட 35 வரை நீளும் ஜூம் உதவுவது இதனால்தான்.

சோனி பாடிக்கு எங்கள் முதல் தேர்வு எஃப்.ஈ. பி.இசட். 16-35 எஃப்/4 ஜி. 353 கிராம், 72 மி.மீ. ஃபில்டர். ஜூம் செய்தால் நீளம் மாறாது, முன்கண்ணாடிக்கு ஃப்ளோரின் பூச்சு உண்டு. மணலும் உப்புக்காற்றும் உள்ள இடத்தில் இந்த இரண்டும் விளம்பர வரிகள் அல்ல, உண்மையான பயன். குறை: ஜூம் வளையம் மோட்டார் வழியாக வேலை செய்வதால் கைக்கு நேரடிப் பிடிமானம் இல்லை, லென்ஸுக்குள் ஸ்டெபிலைசேஷனும் இல்லை. பழைய பாடி, ஐபிஸ் (பாடிக்குள்ளேயே இருக்கும் ஸ்டெபிலைசேஷன்) கிடையாது என்றால் பசிலிக்கா தேவாலயத்தின் உள்ளே கையில் பிடித்து எடுப்பது கஷ்டம்தான். எஃப்/2.8 கட்டாயம் என்றால் டாம்ரான் 17-28 (420 கிராம், 67 மி.மீ.) அல்லது சிக்மா 16-28 (450 கிராம், 72 மி.மீ.). இரண்டுமே உள்ளுக்குள் ஜூம் ஆகும் வகை. ஆனால் சிக்மாவுக்கு ரப்பர் வளையம் மவுன்ட் (பாடியில் மாட்டும் இடம்) பக்கம் மட்டும்தான். டாம்ரானில் ஈரத்தடுப்பு உடலெங்கும் உண்டு. கடலோர வேலைக்கு அந்த ஒரு மி.மீ.யை விட்டுக்கொடுத்து டாம்ரானை எடுக்கலாம். 28-இல் முடிந்துவிடுவது இரண்டுக்கும் பொதுவான குறை. சோனியின் 16-35 எஃப்/2.8 ஜி.எம். 2 ஒளியியலில் இவை எல்லாவற்றையும் தாண்டும், சந்தேகமில்லை. அந்த விலையை எடுக்க அதே அளவுக்கு வேலை வர வேண்டும்.

நிக்கானில் இசட் 14-30 எஃப்/4 எஸ், 485 கிராம். 14-இல் தொடங்கியும் முன்னால் சாதாரணமாக 82 மி.மீ. ஃபில்டர் திருக முடியும் என்பதுதான் இதன் பலம். கேனான் ஆர்.எஃப். 14-35 எஃப்/4 எல் 540 கிராம், 77 மி.மீ.; ஆர்.எஃப். 24-105 எஃப்/4 எல்-லும் 77 என்பதால் ஒரே ஃபில்டர் இரண்டுக்கும் ஆகும். ஸ்டெபிலைசேஷன் லென்ஸிலேயே இருக்கிறது. பட்ஜெட் குறைவென்றால் பழைய ஈ.எஃப். 16-35 எஃப்/4 எல் ஐ.எஸ். லென்ஸை அடாப்டரோடு வாங்குங்கள். அடாப்டருக்குள் கண்ணாடி இல்லாததால் தரம் குறையாது. ஆர்.எஃப். 16 எஃப்/2.8 வெறும் 165 கிராம், சட்டைப்பை லென்ஸ். ஆனால் திருத்தாத ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) கோடுகள் பீப்பாய் போல் பிதுங்கும்.

இந்தப் பிதுக்கம் இப்போதைய மிரர்லெஸ் வைட் லென்ஸ்கள் பலவற்றில் உண்டு. சிறிதாக்குவதற்காக வேண்டுமென்றே சாஃப்ட்வேரிடம் விட்டுவிடுகிறார்கள். நேராக்கும்போது மூலைகள் இழுபடும், கூர்மை அங்கேதான் குறையும். உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேரில் அந்த லென்ஸின் புரொஃபைல் (பிதுக்கத்தைத் திருத்தும் கோப்பு) இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஃபில்டரில் பலரும் பணத்தை வீணாக்குவது இங்கே: என்.டி. என்பது ஒளியைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர்; திருகி இருட்டை மாற்றும் வேரியபிள் என்.டி. என்பது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போலரைசர்கள். சாய்வாக வரும் ஒளியை அவை ஒரே சீராக மறைக்காது. அதனால் 24-க்குக் கீழே, இருட்டைக் கூட்டக் கூட்ட, படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல நிழல் விழும். நிலையான என்.டி. வாங்குங்கள். சி.பி.எல். (பளபளப்பை அடக்கும் ஒற்றைப் போலரைசர்) போட்டு, காலையில் கரையில் நின்று வடக்கையோ தெற்கையோ பார்த்து 16-இல் எடுத்தால், வானத்தின் நடுவில் கருநீலப் பட்டை ஒன்று நிற்கும், இரு ஓரமும் வெளிறும். சூரியனுக்கு 90 பாகையில்தான் போலரைசர் முழுதாக வேலை செய்யும், 16-இன் பார்வையோ அதைத் தாண்டி விரிகிறது. பிச்சாவரத்தில் அதே சி.பி.எல். அருமையாக உதவும். கால்வாய்க்குள் வானம் கொஞ்சம்தான் தெரியும். இலைகளின் பளபளப்பும் தண்ணீரின் மினுக்கமும் அடங்கிப் பச்சை திரளும். துடுப்புப் படகில் டிரைபாட் வேண்டாம்; 24 மி.மீ., 1/250, ஐ.எஸ்.ஓ.வை ஏறவிடுங்கள். 16 போட்டால் படகின் விளிம்பும் படகோட்டியின் கையும் உள்ளே நுழைந்துவிடும்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியலில் அலையைப் பாலாக்க 6 ஸ்டாப் என்.டி. சரியான அளவு (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்): 1/15 நொடி சுமார் 4 நொடி ஆகும். ஈர மணலில் டிரைபாட் காலை முதலில் நன்றாக அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அலை திரும்பும்போது அது தானாக இறங்கிப் படம் ஆடிவிடும். உப்புத்துளி பட்ட கண்ணாடியைக் காய்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, உப்புப் பொடி கீறும். புளோயரால் ஊதி, க்ளீனிங் திரவம் தொட்ட மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். டிரைபாட் மூட்டுகளை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். லென்ஸ்களை ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினட்டிலோ, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவிலோ வையுங்கள். தோல் உறையில் மூடி பீரோவில் போட்டால் பூஞ்சை வந்தே தீரும்.

கல்யாணத்துக்கு எஃப்/2.8 வாங்கலாம், மண்டப வெளிச்சமும் ஆட்களின் அசைவும் அதைக் கேட்கும். குரூப் போட்டோவை மட்டும் 16-இல் எடுக்காதீர்கள். ஃபிரேமின் ஓரத்தில் நிற்பவரின் தலை 16-இல் ஒன்றரை மடங்கு அகலமாகும், 24-இல் கால் பங்கு கூடும், 35-இல் 12 சதவீதம் கூடும். இது லென்ஸின் குறை இல்லை, வடிவியல்; எத்தனை விலை கொடுத்தாலும் மாறாது. இடமில்லாமல் 24-இல் எடுத்தால் ஒல்லியானவர்களை ஓரத்தில் நிறுத்துங்கள், மாமா கோபப்பட மாட்டார்.

இரவுக்கு, வானத்துக்கு எஃப்.ஈ. 20 எஃப்/1.8 ஜி, 373 கிராம். விளக்குகளுக்கு நட்சத்திர முனை வேண்டுமா? எஃப்/11-க்கு மூடுங்கள். லென்ஸுக்குள் ஒளித்துளையைச் சுருக்கும் பிளேடுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் முனைகள் அதன் இரட்டிப்பு. 7 பிளேடுள்ள சோனி பி.இசட். 16-35-இல் 14. இரவில் யு.வி. ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்மூலையில் ஒரு பச்சைப் பொட்டு விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

பழைய லென்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் டிரைபாடில் வைத்து, தூரத்து செல்போன் டவர் ஒன்றை முழு அப்பர்ச்சரில் (லென்ஸின் மிகச் சிறிய எஃப் எண்ணில்) நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி நிறுத்தி நான்கு படம் எடுங்கள், ஒவ்வொன்றிலும் டவர்மேல் புதிதாக ஃபோகஸ் செய்து. மூன்று மூலை கூர்மையாகவும் ஒன்று மட்டும் மசமசவென்றும் இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி விலகியிருக்கிறது, விலை குறைத்தாலும் வேண்டாம். பின்பக்கமிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி நூல் போலத் தெரியும். திருகுகளின் தலையில் துருவோ மவுன்ட் ஓரத்தில் வெள்ளைப் பூப்போ இருந்தால், அந்த லென்ஸ் கடல் தண்ணீரைப் பார்த்திருக்கிறது.