தேக்கா கலவரத்தின் காரணம்: ஒப்பிட்டுப் பார்ப்பதா, ‘நடந்திராவிட்டால்’ என்று கேட்பதா?

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில், ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தங்குவிடுதிக்குச் செல்லும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழக ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து, 40 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூர் கண்டிராத கலவரம் மூண்டது. 2014 ஜூனில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, விபத்தைத் தூண்டுதலாகவும் மதுவை முக்கியமான துணைக்காரணமாகவும் கண்டது. வெளிநாட்டு ஊழியர்களுக்கு வேலை, வாழ்க்கை நிலை பற்றி இருந்த மனக்குறையே காரணம் என்பதை ஏற்கவில்லை. இத்தகைய முடிவைச் சமூக அறிவியல் மாணவர் ஒருவர் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வகுத்த வேற்றுமை முறை: ஒரு நிகழ்வு நடந்த சூழலையும் நடக்காத சூழலையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையே எது வேறுபடுகிறது என்று பார்ப்பது. மற்ற ஞாயிறுகளிலும் தேக்காவில் கூட்டமும் மதுவும் இருந்தன, கலவரம் இல்லை; ஆகவே மது மட்டும் போதாது என்பது தெளிவு. உண்மையில் நடந்தவற்றை மட்டுமே சார்ந்திருப்பது இதன் பலம். ஆனால் மதுவே இல்லாத ஞாயிறு அங்கே அப்போது இருந்ததில்லை என்பதால், மது இன்றியமையாததா என்ற கேள்விக்கு இம்முறையிடம் விடை கிடையாது.

மற்றொன்று எதிர்மெய்ச் சிந்தனை, அதாவது நடந்த ஒன்று நடந்திராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று கேட்பது. பண்டைய கிரேக்கர்கள் வென்ற மாரத்தான் போரில் பாரசீகர் வென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியைக் கொண்டு, ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1906இல் இதற்கு நியாயம் கற்பித்தார். இதை வெறும் கற்பனை என்று ஒதுக்குவோர் உண்டு. வரலாற்றில் மிகக் குறைவாகவே கைவைக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை மீறும்போது அந்தக் குறை நியாயமானதே. பேருந்து ஒரு நிமிடம் முன்னதாகக் கிளம்பியிருந்தால் என்று கேட்பது எளிது, வேறெதுவும் மாறாது. தேக்காவில் மதுவே விற்கப்படாதிருந்தால் என்று கேட்டாலோ, கடைகளும் கூட்டத்தின் அளவும், ஊழியர்கள் ஞாயிறைக் கழிக்கும் இடமும்கூட உடன் மாறிவிடும்.

அதனால் கேள்வியைப் பிளக்க வேண்டும், என் பார்வையில் இம்முறையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. இறந்தவரும் மது அருந்தியிருந்தார். பேருந்திலிருந்து இறங்கச் சொல்லப்பட்டபின் அதன் பக்கவாட்டில் நடந்து, தடுமாறி விழுந்தார். அவர் குடித்திராவிட்டால் என்பது ஒரு கேள்வி, சுற்றி நின்றவர்கள் குடித்திராவிட்டால் என்பது வேறொரு கேள்வி. முதலாவது விபத்தை விளக்குகிறது, இரண்டாவது அந்த விபத்து கலவரமானதை விளக்குகிறது. ‘மது’ என்ற ஒரே பெயரில் இரண்டு காரணங்கள் மறைந்திருந்ததை ஞாயிறுகளின் ஒப்பீடு காட்டியிருக்காது.

2015 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் முழுவதும் இரவு 10.30க்குமேல் பொது இடத்தில் மது அருந்தத் தடை வந்தது. பின்னர் வந்த அமைதியான ஞாயிறுகளை அத்தடைக்குச் சான்றாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கலவரம் மூண்டபோது மணி பத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.