வேலை போன நேரத்தில் கணவருக்கு விசா: 3,900 டாலர் கொடுத்து ஏமாந்தேன்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருப்பவர்கள், அதிலும் ஊரில் இருக்கும் கணவனையோ மனைவியையோ அழைத்துவர ஃபைல் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள், இதைப் படித்துவிடுங்கள். ஆளின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்தாகிவிட்டது, அது அதன் வழியில் போகட்டும். ஆனால் அவர் என்னென்ன சொன்னார் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே வசனத்தை உங்களிடமும் யாராவது பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

நான் இங்கே குடியுரிமை வாங்கியவள். கணவர் திருச்சியில் இருக்கிறார். இவர் என் கணவர், இங்கே வரவழைக்க வேண்டும் என்று நான் போட்ட ஐ-130 மனு 2024 கடைசியில் ஒப்புதலாகி, ஃபைல் விசா ஆவணங்களைச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டருக்குப் போனது. அடுத்த கட்டம் ஐ-864. வருகிறவரை நான் தாங்குவேன், அரசாங்கத்தின் தலையில் விழ விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு, அதற்கு வருமானமும் காட்ட வேண்டிய படிவம். அந்த நேரம் பார்த்து, 2025 ஜனவரி கடைசியில், எங்கள் டீமில் பாதிப் பேரை ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருத்தி.

கோயிலில் தெரிந்த அக்கா ஒருவர் ஒரு கார்டு கொடுத்தார். டாக்ஸ் போட்டுக் கொடுக்கும் கடை, பின்னால் ஒரு சின்ன அறை, சுவரில் கொடியும் விநாயகரும். "அண்ணா, எனக்கு வேலை இல்லை, என்ன பண்றது?" என்றேன். "கவலையே படாதீங்கம்மா, இந்த மாதிரி கேஸ் நூறு பார்த்தாச்சு" என்றார். 2,400 டாலர் கேட்டார். ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கும்மா ரசீது?" என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேலை போன முதல் வாரத்தில் எதுதான் உறைக்கிறது?

முதல் பொய்: "வேலை இல்லாதவங்க ஐ-864 போடவே கூடாதும்மா. உங்களுக்குப் பதிலா ஜாயின்ட் ஸ்பான்சர் ஒருத்தர் போட்டா போதும்." ஜாயின்ட் ஸ்பான்சர் என்றால் நம்மோடு சேர்ந்து அதே பொறுப்பை ஏற்கும் இன்னொருவர். ஆனால் ஐ-130 போட்டவர் யாரோ, அவர் கட்டாயம் ஐ-864 போட்டே ஆக வேண்டும். வருமானம் பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று எழுதிப் போட வேண்டும். ஜாயின்ட் ஸ்பான்சரின் படிவம் அதற்குத் துணையாக வருவது, பதிலாக வருவது அல்ல. இது படிவத்தோடு வரும் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

இரண்டாவது பொய்தான் எனக்கு அதிக நஷ்டம் வைத்தது. "அன்எம்ப்ளாய்மென்ட் பணம் வாங்கிடாதீங்க, பப்ளிக் சார்ஜ்னு உங்க வீட்டுக்காரர் விசாவை மறுத்துடுவாங்க" என்றார். பப்ளிக் சார்ஜ் என்றால் அரசு உதவியை நம்பி வாழப்போகிறவர் என்ற முத்திரை. அவர் சொன்னதை நம்பி ஆறு வாரம் விண்ணப்பிக்காமலே இருந்தேன். வேலையிழப்புத் தொகை ஏழ்மையைப் பார்த்துக் கொடுக்கும் உதவி கிடையாது. அது காப்பீடு. நியூ ஜெர்சியில் அதற்காக நம் சம்பளத்திலிருந்தே பிடிக்கிறார்கள். பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், ஒரு வரி இருக்கும். என் பணத்தை நானே வாங்கப் பயந்து, சேமிப்பிலிருந்து வாடகை கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஜாயின்ட் ஸ்பான்சர். "உங்களுக்கு யாரும் இல்லைன்னா நாமளே ஏற்பாடு பண்ணிடலாம்மா, டெக்ஸஸ்ல நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்." இதற்கு இன்னொரு 1,500. கொடுத்தேன். ஆம், அதையும் கொடுத்தேன்.

மார்ச் நடுவில், அந்த ஆளின் படிவத்தை நான் பார்க்க வேண்டும் என்று மூன்று நாள் விடாமல் கேட்டபிறகு வாட்ஸாப்பில் அனுப்பினார். பெயரைப் பார்த்தேன், கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் இருவரையும் அவருக்கு எப்படித் தெரியும் என்று மும்பைத் தூதரகத்தில் விசா நேர்காணலில் கேட்டால் என் கணவர் என்ன சொல்வார்? இணைத்திருந்த டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளத் தாளில் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் முகவரி இருந்தது. ஆள் இருப்பது டெக்ஸஸில், கம்பெனி முகவரி மட்டும் எடிசனில், அதுவும் இந்த டாக்ஸ் கடை இருக்கும் அதே வளாகம், இரண்டு கதவு தள்ளி. அங்கே நான் போன நாளெல்லாம் ஷட்டர் மூடிக் கிடந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

போன் போட்டுக் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "அது பிடிக்கலைன்னா விடுங்கம்மா. உங்க பேர்லயே நம்ம ஃப்ரெண்ட் கம்பெனியில சம்பளச் சீட்டு போட்டுக்கலாம். போன வருஷ டாக்ஸ்ல நல்ல வருமானம் இருக்கு, வேலை போனதை யாரும் கேட்கப் போறதில்லை."

கேட்பார்கள். ஐ-864 கேட்பது நடப்பு வருமானத்தை. போன வருட டாக்ஸ் ரிட்டர்ன் அதற்கு ஆதாரம் மட்டும்தான். தவறாகச் சொன்னால் பொய்ச்சாட்சியம் என்று ஒத்துக்கொண்டுதான் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அதோடு, விசா கேட்பவர் பொய்யான தகவலைத் தெரிந்தே கொடுத்தார் என்று தூதரக அதிகாரி முடிவு செய்துவிட்டால், அவர் அமெரிக்காவுக்குள் வர ஆயுள் முழுக்கத் தடை விழலாம். வேலை இல்லை என்பது சரிசெய்யக்கூடிய குறை. இந்தத் தடை அப்படி இல்லை. 3,900 டாலரைக் கொடுத்து என் கணவர் தலையில் அதை ஏற்றி வைக்கப் பார்த்திருக்கிறேன்.

அன்றிரவு கேஸ் எண்ணையும் இன்வாய்ஸ் எண்ணையும் போட்டு விசா சென்டர் தளத்தில் நானே உள்ளே போனேன். அதுவரை அவர்தான் போய்க்கொண்டிருந்தார். தொடர்பு மின்னஞ்சலாக அவருடையதைக் கொடுத்திருந்தார். அதனால்தான் எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. என் ஐ-864 இருக்க வேண்டிய இடம் காலி. டெக்ஸஸ் ஆளின் தாள்கள் ஏற்றப்பட்டிருந்தன, ஆனால் 'சமர்ப்பி' பொத்தான் அழுத்தப்படவில்லை. சமர்ப்பிக்காதவரை அழிக்கலாம். அழித்தேன். கை நடுங்கியது.

மறுநாள், குடியேறியவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பில் நேரம் வாங்கினேன். அமெரிக்காவில் குடிவரவு விஷயத்தில் சட்ட ஆலோசனை சொல்ல வக்கீலுக்கும், அரசின் நீதித் துறை (Department of Justice) அங்கீகரித்த பிரதிநிதிக்கும்தான் உரிமை. வக்கீலா என்பதை அவர் உரிமம் வாங்கிய மாநிலத்தின் நீதிமன்றத் தளத்திலோ வக்கீல் சங்கத் தளத்திலோ, பிரதிநிதியா என்பதை நீதித்துறைத் தளத்தில் இருக்கும் பட்டியலிலும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், இலவசம். நம்மவர் இரண்டிலும் இல்லை. படிவத்தின் கடைசியில் அதைத் தயாரித்துக் கொடுத்தவர் கையெழுத்திட ஒரு பகுதி இருக்கிறது. அதைக் காட்டி முன்பொரு நாள் கேட்டபோது, "என் பேரெல்லாம் வேண்டாம்மா, நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்" என்றிருந்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்!

தொண்டு அமைப்பில் இருந்த பிரதிநிதி அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உன் பெயரில் சேமிப்பு எவ்வளவு?" இந்தக் கேள்வியை நம்மவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டார். அதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் நான் 3,900 டாலர் கொடுத்தது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

காட்ட வேண்டிய வருமானம் அரசு அறிவிக்கும் வறுமைக் கோட்டில் 125 சதவீதம். நானும் கணவரும் சேர்த்து இரண்டு பேர். 2025-க்கு அது 26,437 டாலர். வருமானம் குறைந்தால் குறையும் தொகையைச் சொத்தால் ஈடுகட்டலாம். குடியுரிமை உள்ளவர் கணவனையோ மனைவியையோ அழைத்தால் குறையும் தொகையைப் போல மூன்று மடங்கு சொத்து போதும். மற்ற பெரும்பாலான உறவுகளுக்கு ஐந்து மடங்கு. வருமானமே இல்லை என்றால் 79,311 டாலர் காட்ட வேண்டும். என்னிடம் இருந்தது 34,000. "அப்போ முடியாதா?" என்றேன். "பகுதி நேர வேலை ஏதாவது கிடைக்குமா?" என்றார்.

கிடைத்தது. ஒரு டியூஷன் சென்டரில் வாரம் 20 மணி நேரம், மணிக்கு 16 டாலர். ஆண்டுக்கு 16,640. குறைவது 9,797. மூன்று மடங்கு 29,391. என் சேமிப்பே தாண்டிவிடுகிறது. முழு நேர வேலையும் தேவையில்லை, டெக்ஸஸ்காரரும் தேவையில்லை.

சேமிப்பைக் காட்ட 12 மாத வங்கிக் கணக்கு வரவு செலவு வேண்டும். அதனால் யாரிடமாவது கைமாற்று வாங்கி ஒரு வாரம் போட்டுவைத்துக் காட்டுகிற வேலை எடுபடாது. அந்த யோசனையையும் நம்மவர் ஒருநாள் சொன்னார்தான். காரைச் சொத்தாகக் காட்டலாம் என்றும் சொன்னார். ஒரே ஒரு கார் வைத்திருப்பவர் அதைக் கணக்கில் காட்ட முடியாது. விசா வாங்குபவரின் சொத்தையும் சேர்க்கலாம் என்பதால், கணவரின் பெயரில் திருச்சியில் இருந்த 6 லட்ச ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கும் வங்கிக் கடிதம் வாங்கி வைத்தோம். மாமியார் போனில், "நகையைக் காட்டினா ஆகாதாம்மா?" என்று கேட்டார்கள். நல்ல மனசு.

அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் ஜாயின்ட் ஸ்பான்சர் கேட்கலாம் என்பதால் வர்ஜீனியாவில் இருக்கும் சித்தப்பாவிடம் பேசினேன். அவர் வீட்டில் நான்கு பேர், என் கணவரையும் சேர்த்து ஐந்து. அவர் காட்ட வேண்டியது 47,062 டாலர். அது அவருக்குப் பிரச்சினை இல்லை. அவர் கேட்டது வேறு: "நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாலும் என் பொறுப்பு தீராதாமே, நிஜமா?" நிஜம். கணவர் குடியுரிமை வாங்கும்வரை அல்லது 40 காலாண்டு, அதாவது பத்து வருட வேலை கணக்கில் சேரும்வரை அது இருக்கும். விவாகரத்து அதை முடிக்காது. சித்தப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். என்னைத் தூக்கி வளர்த்தவருக்கே இரண்டு நாள் ஆனது. முகம் தெரியாத ஒருவர் 1,500 டாலருக்கு அதே கையெழுத்தைப் போடுகிறார் என்றால், அவர் நிஜ ஆளாக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

என் ஐ-864, வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, வருமான வரித் துறையிலிருந்து இலவசமாக எடுத்த வரித் தாக்கல் சுருக்கம் (டிரான்ஸ்கிரிப்ட்), வங்கித் தாள்கள் எல்லாவற்றையும் நானே ஏற்றினேன். அரசுக்குக் கட்டியது 120-ம் 325-ம் ஆக 445 டாலர். "சீக்கிரம் முடிக்கத் தனி ஃபீஸ்" என்று அங்கே எதுவும் கிடையாது. நம்மவர் என்னிடம் வாங்கிய 2,400-இல் அப்படி ஒரு ஃபீஸும் அடக்கம் என்று சொல்லியிருந்தார். ஆவணங்கள் சரி என்று பதில் வந்துவிட்டது. மும்பை தேதிக்காகக் காத்திருக்கிறோம்.

பணம் திரும்பவில்லை. ஸெல்லில் நாமே விரும்பி அனுப்பியதை வங்கி மீட்டுத் தரவில்லை. அவரிடம் கேட்டபோது முதலில் "பார்க்கலாம்மா" என்றார், பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். வக்கீல் அல்லாதவர் இப்படி ஆலோசனை விற்பது நியூ ஜெர்சியில் குற்றம். மாநில நுகர்வோர் பிரிவிலும் மத்திய வர்த்தக ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். ஸெல் ரசீதுகள், வாட்ஸாப் பேச்சு, அந்த டபிள்யூ-2 எல்லாம் இணைத்திருக்கிறேன். அவரிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், இன்றே உங்கள் கேஸ் எண்ணைப் போட்டு உள்ளே போய், என்ன ஏற்றியிருக்கிறது, யார் மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். சமர்ப்பித்துவிட்டிருந்தால் எதையும் தொடாமல் நேராக ஒரு வக்கீலிடம் போங்கள்.

போன சனிக்கிழமை கோயில் நோட்டீஸ் போர்டில் புதிய கார்டு ஒன்று குத்தியிருந்தது. கடைப் பெயர் மாறியிருக்கிறது, போன் எண் அதேதான். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கோயில் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, கார்டு கொடுத்த அந்த அக்காவிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அவருடைய தம்பி மனைவியின் ஃபைலும் அங்கேதான் இருக்கிறதாம்.