பிள்ளையின் காலுக்குப் பிளாஸ்டர்: பெரியாஸ்பத்திரியா, பிரைவேட்டா?

மகன் மட்டக்களப்பு கல்லடியில் சைக்கிளோடு விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு வெடித்தது. பதற்றத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "பிளாஸ்டர் போட எவ்வளவு?" என்று கேட்டேன். ஒரு தொகை சொன்னார்கள். கேட்ட கேள்வியே பிழை என்பது பில் துண்டு கைக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

டொக்டர் கட்டணம் ஒரு வரி, ஆஸ்பத்திரிக் கட்டணம் இன்னொரு வரி, எக்ஸ்ரே தனி. பைபர்கிளாஸ் சுருள் இரண்டு, உள்ளே சுற்றும் பஞ்சு, அதற்கும் உள்ளே மாட்டும் துணியுறை, எல்லாம் வரிவரியாக. ஒரு கிழமையில் எலும்பு விலகவில்லையா என்று பார்க்க மறுபடி சனல் (காசு கட்டி டொக்டரைப் பார்ப்பது), மறுபடி எக்ஸ்ரே. கடைசியில் வெட்டி எடுக்கவும் காசு. "போடுறதுக்குத்தானே கேட்டீங்க" என்றார் கவுண்டர் தங்கச்சி. அதுவும் சரிதான்.

பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசின் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில், இந்தக் கணக்கே இல்லை, இலவசம். அங்கே செலவாவது நேரம். கிளினிக் நாளில் விடியவே வந்து நம்பருக்கு நிற்க வேண்டும். காலை மடக்க முடியாத பிள்ளையை வாகரை போன்ற தூர ஊரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவர ஏலாது. த்ரீவீல் கூலியும் ஒருநாள் உழைப்பும் போகும். கூலிவேலைக்காரருக்கு அது சின்னக் காசில்லை.

அரச ஆஸ்பத்திரியில் வழக்கமாகப் போடுவது வெள்ளைப் பிளாஸ்டர். பாரம், முழுதாகக் காய இரண்டு நாள்கூட ஆகும். பைபர்கிளாஸ் லேசு, அரை மணித்தியாலத்தில் இறுகிவிடும். ஆனால் காலின் வடிவுக்கு அமுக்கிப் பிடிக்க வெள்ளைதான் தோது. வழமையான சின்ன வெடிப்பு எதைப் போட்டாலும் பொருந்தும். பைபர்கிளாஸோடு குளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓடு தாங்கும், உள்ளே இருக்கும் சாதாரண பஞ்சு நனைந்து தோலை அவித்துவிடும்.

என் கணக்கில், முதல் நாள் பெரியாஸ்பத்திரிதான். வீக்கம் வற்றும் வரை பெரும்பாலும் காலை முழுதாகச் சுற்றி மூடாத அரைக்கட்டுத்தான் போடுவார்கள், அதற்குப் போய்ப் பிரைவேட்டில் கொட்டத் தேவையில்லை. பிறகு லேசான கட்டு வேண்டுமென்றால் எக்ஸ்ரேயையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய்ச் சனல் பண்ணலாம். காலையில் கிளினிக்கில் பார்த்த அதே டொக்டர் பின்னேரம் பிரைவேட்டில் இருக்கவும் கூடும். அப்போது, "வெட்டி எடுக்கும் வரை மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அரச ஊழியருக்கான அக்ரஹார போன்ற காப்புறுதி இருந்தால், வார்டில் தங்காத செலவுக்கும் கிடைக்குமா என்று முதலே விசாரித்து, அசல் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே போட்டாலும், விரல் நீலம் பூத்தால், மரத்துப்போனால், மருந்துக்கும் அடங்காமல் பிள்ளை அழுதால், நடுச்சாமம் என்றாலும் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.