"டஸ்கி ஸ்பெஷலிஸ்ட்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள்

கடந்த தை மாதம் திருநெல்வேலியில் எனக்குத் திருமணம் நடந்தது. மாநிறத்தைவிட இரண்டு படி கறுத்த நிறம் எனக்கு. அந்த நிறத்தை மாற்றாமலே அலங்கரிப்பதாக வாக்குக் கொடுத்து 30,000 ரூபாய் பேசிய ஒரு மேக்கப் கலைஞர் வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் என்ன செய்தார் என்பதையும், அதற்கு முன்பே பெயரில்லாத ஒரு கிரீமை என்னிடம் எப்படி விற்றார் என்பதையும் இங்கே எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. இதே முறையில் வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு இப்போது பதிவு செய்துகொண்டிருக்கும் பெண்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தின் தலைப்பிலேயே "டஸ்கி பிரைடல் ஸ்பெஷலிஸ்ட்", அதாவது கறுத்த நிற மணப்பெண்களுக்கான நிபுணர், என்று இருந்தது. முதல் தொலைபேசி உரையாடலிலேயே அவரிடம் மூன்று விஷயங்களைச் சொன்னேன்: என் முகத்தை வெளுப்பாக்கக் கூடாது, கழுத்தும் கையும் முகமும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், இரண்டு நாளும் அவரே நேரில் வர வேண்டும். "உங்க ஸ்கின் டோனை அப்படியே வச்சுத்தான்மா பண்ணுவேன், பயப்படாதீங்க" என்று அவர் அனுப்பிய குரல்செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்ட அன்றே 15,000 ரூபாய் முன்பணமும், ட்ரையல் எனப்படும் ஒத்திகை மேக்கப்புக்குத் தனியாக 2,500 ரூபாயும் ஜிபே செய்தேன்.

ட்ரையலை மாலை ஏழு மணிக்கு, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ரிங் லைட்டின் முன்னால் உட்காரவைத்துச் செய்தார். பாதி முகத்துக்கு மட்டும் போட்டுவிட்டு, தன் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினார். படத்தில் நன்றாகவே இருந்தது. அந்தக் கைப்பேசியில் அழகூட்டும் ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், முகமெங்கும் அடிப்பூச்சாகப் போடும் ஃபவுண்டேஷன் காற்றுப்பட்டு நிறம் மாறுவதற்கு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே எழுந்து வந்திருப்பேன்.

கிரீம் விவகாரம் அன்றே தொடங்கியது. "கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கு, ஸ்கின் ப்ரெப் பண்ணாம மேக்கப் நிக்காது" என்று சொல்லி, ஒரு சிறிய வெள்ளை டப்பாவை 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார். அதன்மீது தயாரிப்பாளர் பெயரோ, உரிம எண்ணோ, தொகுதி எண்ணோ, காலாவதித் தேதியோ, உட்பொருள் பட்டியலோ எதுவும் இல்லை. நான் அதை ஒன்பது இரவுகள் பூசினேன். ஐந்தாவது நாளே கன்னம் சற்று வெளுத்தது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். எட்டாவது நாள் தாடையோரம் சிவந்து சிறு சிறு பருக்கள் எழும்பின. மருந்தாளுநராக இருக்கும் என் மதினி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல லேபிளே இல்லையே, இதையா மூஞ்சில போடுத?" என்று கேட்டு, அப்போதே அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். தோல் மருத்துவரும் உடனே நிறுத்தச் சொன்னார்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வகை இருந்தது; அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம்களைப் பூசியவர்கள். காரணம் அவற்றில் இருந்த பாதரசம். மெலனின் உருவாவதைத் தடுத்துச் சில நாட்களிலேயே வெளுப்பைக் காட்டும் பாதரசம், தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் சென்றடைகிறது. நம் நாட்டின் அழகுசாதன விதிகளின்படி இத்தகைய கிரீம்களில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. லேபிளே இல்லாத டப்பாவிடம் எந்த விதியைக் காட்டிக் கேட்பது? வேறு சில கிரீம்களில் மருத்துவர் சீட்டின்றிப் பூசக் கூடாத ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் பளபளப்பையும் பின்னர் பருக்களையும் தோல் மெலிவையும் அது தரும். ஆகவே ஒரு வாரத்தில் நிறம் மாறினால் அதைக் கிரீமின் திறமை என்று எண்ணாமல் அபாயக் குறி என்று எண்ணி நிறுத்திவிடுங்கள்.

கிரீமைப் பற்றி அவரிடம் கோபத்தோடு பேசியும், முன்பணம் போய்விடுமே என்ற தயக்கத்தால் ஏற்பாட்டை ரத்து செய்யாமல் விட்டது என் பெரிய தவறு.

வரவேற்பு நாளில் அவர் வரவில்லை. இருபது வயதைத் தாண்டாத உதவியாளர் ஒருத்தி பெட்டியோடு வந்து, "மேடம் மதுரையில ஒரு ஆர்டர்ல இருக்காங்க அக்கா" என்றாள். அவள்மீது எனக்கு எந்த மனவருத்தமும் இல்லை. கொடுத்தனுப்பிய பெட்டியை வைத்துத்தானே அவளால் வேலை செய்ய முடியும்? அந்தப் பெட்டியில் நான்கு ஃபவுண்டேஷன் குப்பிகள் இருந்தன. அவற்றில் மிக அடர்த்தியானதுகூட என் தாடை நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பு. போதாக்குறைக்கு இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது. கறுப்புத் தோல் பொதுவாக மஞ்சளோ, பொன்னோ, செம்மையோ, ஒலிவப் பச்சையோ கலந்த அடிநிறத்தைக் கொண்டிருக்கும். அதன்மேல் வெளிறிய இளஞ்சிவப்பைப் பூசினால் அது வெண்மையாகாது, சாம்பல் பூத்துவிடும். அண்டர்டோன் என்று மேக்கப் கலைஞர்கள் வாய் ஓயாமல் சொல்லும் சொல்லுக்கு நடைமுறைப் பொருள் இவ்வளவுதான். வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் எனக்குக் கருமை உண்டு. அங்கே முதலில் ஆரஞ்சு நிற கரெக்டரை மெல்லியதாக வைத்து நீலக் கருமையை ஈடுகட்டிவிட்டுத்தான் அதை மறைக்கும் கன்சீலரைப் போட வேண்டும். அந்தப் பெட்டியில் ஆரஞ்சு கரெக்டரே இல்லாததால், வெளிர் கன்சீலரை அடுக்கடுக்காகப் பூசினாள். கண்ணுக்குக் கீழே சுண்ணாம்பு தேய்த்தது போல் ஆயிற்று.

கலைஞரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, "கொஞ்சம் லைட்டா இருந்தாத்தான்மா ஸ்டேஜ் லைட்டுக்கு நிக்கும், உங்க ஷேடு மார்க்கெட்லயே கிடைக்காது" என்றார். அது உண்மையில்லை. 2017-இல் ஃபென்டி பியூட்டி நிறுவனம் ஒரே நேரத்தில் 40 ஷேடுகளில் ஃபவுண்டேஷனை வெளியிட்டதிலிருந்து, அடர் நிறங்களைத் தயாரிப்பதில் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. இந்தியச் சந்தையிலேயே நம் நிறத்துக்கானவை கிடைக்கின்றன. வாங்கி வைக்கும் மனம்தான் அவரிடம் இல்லை. 1975 முதல் "ஃபேர்" என்ற பெயரில் விற்ற கிரீம் 2020-இல் "க்ளோ" என்று பெயரை மாற்றிக்கொண்டது போல, இவரும் "டஸ்கி" என்ற சொல்லை எடுத்துத் தன் பக்கத்தின் தலைப்பில் மாட்டியிருக்கிறார். பெட்டிக்குள் இருப்பது பழைய வெளுப்புதான்.

வரவேற்பில் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் என் முகம் மட்டும் வெள்ளை முகமூடி போலத் தெறித்தது. டைட்டானியம் டை ஆக்சைடு, சிலிக்கா முதலியவை கலந்த, மேக்கப் கலையாமலிருக்கப் போடும் வெள்ளைச் செட்டிங் பவுடரை அதிகமாகத் தட்டினால் அது ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பியனுப்பும். வெளிர் தோலில் அது தெரியாமல் போகலாம், நம் தோலில் மறையாது. மறுநாள் அதிகாலை முகூர்த்தத்துக்கும் அதே பெட்டிதான். மணமேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் ஆச்சி, நான் குனிந்து காலைத் தொட்டதும் என் கன்னத்தைப் பிடித்து, "ஏட்டி, உடம்புக்கு என்ன செய்யுது? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்று பதறிக் கேட்டார். அவர் கேட்டதில் எந்தக் குத்தலும் இல்லை. உண்மையாகவே எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டார். மாந்தளிரின் நிறத்தை மாமை என்று போற்றி, அந்த மாமையைத் தின்னும் வெளுப்பைப் பசலை என்ற நோயாகக் கண்டவர்கள் சங்கப் புலவர்கள். ஆச்சிக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியாது, ஆனால் பார்வை அதேதான். நம் ஊரில் இன்று "பொண்ணு கலரா இருக்கா" என்றால் வெளுப்பு என்றுதான் பொருள். எங்களுடையது ஒரு நிறம் என்றே கணக்கில் வருவதில்லை.

அவரிடமே வாடகைக்கு எடுத்த நகையிலும் ஏமாற்றம் நடந்தது. ட்ரையலின்போது நான் தேர்ந்தெடுத்தது சிவப்புக் கெம்புக் கற்கள் பதித்த, பழம்பொன் மெருகுள்ள கோயில் நகை செட். வாடகை 6,000 ரூபாய். வந்ததோ பளிச்சென்ற வெள்ளைக் கல் செட். அரக்குப் பட்டோடு கெம்பும் பழம்பொன்னும் சேர்ந்தால் என் தோலிலிருந்தே வெளிச்சம் வருவது போலிருக்கும் என்பதை வீட்டில் நெற்றிச்சுட்டியை வைத்துப் பார்த்தே முடிவு செய்திருந்தேன். ஆக்சிடைஸ்டு வெள்ளியும் எங்கள் நிறத்தில் அருமையாக எடுபடும். வெள்ளைக் கற்களும் தகுந்த புடவையோடு நன்றாகவே இருக்கும். ஆனால் நான் கேட்டது அதுவல்ல. சாயங்காலத்தில் கழுத்தெல்லாம் அரித்துத் தடித்தது. மலிவான கவரிங் நகைகளில் உள்ள நிக்கல் பலருக்கு இப்படி ஒவ்வாமை தருமாம். வாடகை நகையை ஒரு மணி நேரமாவது முன்னதாக அணிந்து பாருங்கள்.

உதட்டுக்கு வெளிர் பீச் நிறம், கன்னத்துக்குக் குழந்தைப் பொம்மையின் ரோஸ். இரண்டிலும் வெள்ளை கலந்திருப்பதால் எங்கள் தோலில் அவை மாவு போல மேலே நிற்கும். செங்கல் சிவப்பு, நாவல்பழ நிறம், மெரூன், துருச் சிவப்பு இவையே உள்ளிருந்து ரத்தம் ஏறியது போல் காட்டும். இந்த நான்கில் எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை என்பதே, அதற்குச் சொந்தக்காரர் எங்களைப் போன்ற முகத்தில் எத்தனை முறை வேலை செய்திருப்பார் என்பதைக் காட்டிவிடுகிறது.

ஆகவே ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்பவரிடம் முதலில் அவருடைய பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் தாடையிலிருந்து கழுத்து வரை ஒரு கோடு இழுக்கச் சொல்லி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மணிக்கட்டிலோ புறங்கையிலோ பார்ப்பதில் பயனில்லை. உங்கள் சொந்தக் கைப்பேசியில், ஃபில்டர் இல்லாமல், ஃபிளாஷோடு படம் எடுங்கள். அவர் வேலை செய்த மணப்பெண்களின் முகம், கழுத்து, கை மூன்றும் சேர்ந்து தெரியும் காணொளியைக் கேளுங்கள். யார் நேரில் வருவார், எந்த ஷேடு, எந்த நகை என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.

எனக்கும் இப்படிப் பத்திரப்படுத்திய ஆதாரங்கள்தான் உதவின. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "அட்வான்ஸ் ரீஃபண்ட் கிடையாது, பாலிசியிலேயே இருக்கு" என்றார். குரல்செய்தி, ஜிபே ரசீது, பகலில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குச் செல்லப்போவதாக ஒரு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினேன். சேவைக் குறைபாடு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அங்கே புகார் கொடுக்கலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. அறிவிப்பு போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் 12,000 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. மீதிக்கும் கிரீமுக்கும் இன்னும் பதில் இல்லை; ஆணையத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். டப்பாவை மதினி பத்திரமாக வைத்திருக்கிறார்.

இதற்கிடையே என்னிடம் அனுமதி கேட்காமலே என் முகூர்த்தப் படங்கள் நான்கை, மேலும் வெளுப்பாக்கி, "Our gorgeous dusky bride" என்ற தலைப்போடு அவர் தன் பக்கத்தில் போட்டிருந்தார். கேட்டபின் இரண்டை நீக்கினார். மற்ற இரண்டும் இதை எழுதும்போதும் அங்கே இருக்கின்றன; அரக்குப் பட்டும் வெள்ளைக் கல் நெற்றிச்சுட்டியுமாக ஒரு மணப்பெண்ணின் படத்தைப் பார்த்து நீங்கள் அவரிடம் பதிவு செய்ய நினைத்தால், அந்த முகத்தில் இருப்பது என் நிறமல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.