எமிரேட்ஸ் ஸ்டேடியம் டூர்: ஹெர்பர்ட் சாப்மனுக்காகப் போகிறீர்களா?

லண்டன் ஆர்சனல் கிளப்பின் டூரில் டிரெஸ்ஸிங் ரூம், ஆட்டக்காரர்கள் இறங்கும் டனல், இயக்குநர்களின் இருக்கைகள், மியூசியம் எல்லாம் உண்டு. ஆடியோ கருவியை மாட்டிக்கொண்டு நம் வேகத்தில் நடக்கலாம். இன்றைய அணியின் ரசிகருக்குக் கொடுத்த காசு வீணில்லை. ஆனால் ஸ்டேடியம் திறந்தது 2006இல்; 1925 முதல் ஆர்சனலின் மேலாளராக இருந்த சாப்மன் இறந்தது 1934 ஜனவரியில். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் எந்த அறையிலும் அவர் கால் பட்டதில்லை. அவரைக் காண வெளியே சுற்ற வேண்டும், அதற்குக் காசும் கிடையாது.

லண்டன் பாதாள ரயிலின் பிக்கடிலி லைனில் ஆர்சனல் ஸ்டேஷனில் இறங்குங்கள். கில்லெஸ்பி ரோடு என்றிருந்த பெயரை 1932இல் மாற்றவைத்தவர் அவர்தான். பிளாட்பாரச் சுவரின் ஓடுகளில் பழைய பெயர் இன்னும் பெரிய எழுத்தில் இருக்கிறது. கூட்டத்தோடு விறுவிறுவென்று நடந்தால் கோட்டைவிடுவீர்கள். லிஃப்ட், எஸ்கலேட்டர் இரண்டும் இல்லை, நீளமான சாய்வுப் பாதைதான். மேட்ச் நாளில் அங்கே நகர இடமிருக்காது.

வெளியே வந்ததும் அவெனல் ரோட்டில் ஆர்சனலின் பழைய ஹைபரி மைதானத்தின் கிழக்கு ஸ்டாண்ட். முகப்பு அப்படியே இருக்கிறது, உள்ளே குடியிருப்புகள். இதையும் சாப்மன் கட்டியதாகப் பலர் நினைக்கிறார்கள், திறந்தது 1936இல். அவர் காலத்தில் எழுந்தது 1932இன் மேற்கு ஸ்டாண்ட்.

எமிரேட்ஸின் தெற்கு வெளிச்சுவரில் இருப்பதுதான் ஹைபரியின் அசல் கடிகாரம். உள்ளே இருப்பது நகல். ஆட்டத்தின் ஒரு பாதி நேரத்தைக் காட்டும் 45 நிமிடக் கடிகாரம் வைக்கத்தான் சாப்மன் ஆசைப்பட்டார், கால்பந்துச் சங்கம் ஒத்துக்கொள்ளாததால் சாதாரணக் கடிகாரமானது. 2011இல் வைத்த சிலையில் கைகளைப் பின்னால் கட்டியபடி ஸ்டேடியத்தைப் பார்த்து நிற்கிறார். (ஆட்டக்காரராக அவர் இருந்த அணிகளில் ஒன்று பரம எதிரியான டாட்டனம்! பெரிய ஆட்டக்காரர் இல்லை, மஞ்சள் பூட்ஸ்தான் அடையாளம்.)

போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் இதெல்லாம் ருசிக்கும். ஹடர்ஸ்ஃபீல்டு அணிக்கு 1924, 1925 லீக் பட்டங்களை வாங்கித் தந்துவிட்டு அவர் ஆர்சனலுக்கு வந்த அதே 1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. பந்தை வாங்க முன்னேறும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே மூன்று எதிரணியினர் வேண்டும் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. தற்காப்பின் நடுவே வழி திறந்துவிட்டது. அக்டோபரில் நியூகாசில் அணியிடம் 7-0 தோல்வி. ஆர்சனல் ஆட்டக்காரர் சார்லி புக்கன் வற்புறுத்தியபடி, நடுக்களத்தின் மையத்தில் ஆடும் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, கடைசித் தற்காப்பாளர்களான இரண்டு ஃபுல் பேக்குகளுக்கு நடுவே நிறுத்தினார் சாப்மன். அதனால் நடுக்களத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க முன்வரிசையில் நடு ஆட்டக்காரருக்கு இருபுறமும் ஆடும் இன்சைட் ஃபார்வர்டுகள் கீழே இறங்க வேண்டியதாயிற்று. அந்த வேலைக்கு 1929இல் அலெக்ஸ் ஜேம்ஸ் வந்த பிறகே அமைப்பு கச்சிதமானது: 1930இல் எஃப்.ஏ. கோப்பை, 1931இல் லீக்.

அரை நாள் மிச்சமிருந்தால் சாப்மன் வாழ்ந்த, லண்டனின் வடமேற்கில் உள்ள ஹெண்டனுக்கும் போகலாம். ஹேசில்மியர் அவென்யூ 6ஆம் எண் வீட்டில் அவர் வாழ்ந்ததைக் குறிக்கும் நீலப் பலகை, செயின்ட் மேரி தேவாலயத்தில் கல்லறை. கிங்ஸ் கிராஸில் நார்தர்ன் லைனுக்கு மாறும்போது எட்ஜ்வேர் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். ஹை பார்னெட் வண்டி கேம்டன் டவுனுக்குப் பிறகு வேறு பக்கம் போய்விடும்.