எம்ஜிபி மார்க் 1: பழைய கியர்பாக்ஸைப் புதுப்பிப்பதா, பின்னாள் பெட்டியை மாட்டுவதா?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முதல் வடிவமான மார்க் 1ஐப் பிரித்துக் கட்டும்போது, கியர்பாக்ஸில் முதல் கியரின் பற்கள் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்ததும் பலருக்கும் ஒரே யோசனைதான் வரும்: 1967க்குப் பிந்தைய பெட்டி ஒன்றைத் தேடி மாட்டிவிடலாமே! எஞ்சின் இரண்டிலும் அதே பி சீரிஸ் 1798 சிசி. அதனால் பெட்டியும் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று நம்பிக்கை. உட்காராது. உட்கார வைக்க முடியும், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெட்டியின் விலை மட்டுமல்ல. பழைய பெட்டியையே புதுப்பிப்பதுதான் நல்லது என்பது என் கட்சி.

வித்தியாசம் சுருக்கமாக. 1967 இறுதியில் மார்க் 2 வரும்வரை இருந்த பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. விகிதங்கள் 3.64, 2.21, 1.37, 1.0. பின்னதில் நான்கு கியருக்கும் சிங்க்ரோ உண்டு, 3.44, 2.17, 1.38, 1.0. பின்னச்சு இரண்டிலும் 3.909 என்பதால் ஓட்டும்போது விகித வேறுபாடு பெரிதாகத் தெரியாது. நகரும் வண்டியில் முதல் கியர் அலறாமல் விழும் என்பதும், பெட்டி பொதுவாகவே உறுதியானது என்பதும் நான்கு சிங்க்ரோவின் உண்மையான பலம். அதை மறுப்பதற்கில்லை.

சிக்கல் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. ஸ்டார்ட்டரிலிருந்து தொடங்குவோம். பழைய காரில் இனர்ஷியா வகை (சுழலும் வேகத்தில் அதன் பற்சக்கரம் தானே முன்னே பாயும்). மார்க் 2இன் 18ஜிடி எஞ்சினிலிருந்து பிரீ-எங்கேஜ்டு வகை (முதலில் பல் பொருந்தி, பிறகு சுழலும்). அதற்கேற்ப ஃப்ளைவீலின் ரிங் கியர் (விளிம்பிலுள்ள பல் வளையம்) வேறு, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே நிற்கும் பேக்பிளேட் வேறு. ஆக நான்கு சிங்க்ரோ பெட்டியை வாங்குபவர் பேக்பிளேட், ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும், முடிந்தால் ஒரே காரிலிருந்து. ஒன்றை மட்டும் பழையதாக விட்டால் ஸ்டார்ட்டர் பற்கள் ரிங் கியரைச் சரியாகப் பிடிக்காமல் இரண்டையும் தின்றுவிடும். பெட்டியைத் தாங்கும் கிராஸ்மெம்பர் வேறு. பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் வேறு. பின்னச்சு பழைய பான்ஜோ வகையா, பிந்தைய குழாய் வகையா என்பதைப் பொறுத்து அதன் ஃபிளாஞ்சும் (போல்ட் பூட்டும் முனைத் தட்டு) மாறும். பட்டியலைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டி தன் இடத்தில் நின்ற பிறகு ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்சு அளந்து வாங்குங்கள்.

இவையெல்லாம் காசு கொடுத்தால் தீரும். தீராதது டனல், அதாவது காரின் தரை நடுவே மேடாக ஓடி, பெட்டிக்கு இடம் தரும் தகரக் குடைவு. நான்கு சிங்க்ரோ பெட்டியின் கூடு பருமனானது. மார்க் 2 உடலின் டனலை அதற்காகவே அகலமாக்கினார்கள். மார்க் 1 டனலுக்குள் அது நுழையாது. சுத்தியலால் தட்டி இடம் பண்ணுகிறவர்கள் உண்டு. ஆனால் எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும்போது கூடு தகரத்தில் இடித்து, கார் முழுக்க அதிரும். ஒழுங்காகச் செய்வதென்றால் டனலை வெட்டி எடுத்துவிட்டு மார்க் 2 டனலைப் பற்றவைக்க வேண்டும். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே சட்டம். அதன் முதுகெலும்பில் கை வைக்கிறோம். பெட்டியை நாளைக்கே கழற்றிப் பழையதை மாட்டலாம், வெட்டிய டனலைத் திருப்ப முடியாது. விற்கும் நாளில் மார்க் 1 தேடி வருகிறவர் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், முதலில் கண்ணில் படுவது அந்தப் பற்றவைப்புத் தழும்புதான். மார்க் 1 என்பதற்காகத் தரும் கூடுதல் தொகை அங்கேயே பேரத்தில் கரையும்.

பழைய பெட்டியில் என்ன செய்வது? லேஷாஃப்ட் (லே கியர் சுழலும் தண்டு), நீடில் ரோலர்கள், பேரிங்குகள், சிங்க்ரோ வளையங்கள் எல்லாம் புதிதாக. ஷாஃப்ட்டில் குழி விழுந்திருந்தால் புது ரோலர் மட்டும் போட்டுப் பயனில்லை. சில மாதங்களில் பழைய முனகல் திரும்பும். லே கியரின் எண்டு ஃப்ளோட் (முன்பின் ஆட்டம்) 0.002 முதல் 0.003 அங்குலத்துக்குள் வருமாறு த்ரஸ்ட் வாஷரைத் தேர்ந்தெடுங்கள். எண்ணெய் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான்: சாதாரணப் பெட்டிக்கு சுமார் 2.5 லிட்டர், ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் யூனிட்) இருந்தால் சுமார் 3 லிட்டர். "கியர்பாக்ஸ்தானே" என்று ஹைப்பாய்டு ஆயில் (பின்னச்சுக்கான எண்ணெய்) ஊற்றினால் சிங்க்ரோ தன் வேலையைச் செய்யாது. எம்ஜிபியில் எஞ்சினை இறக்காமல் பெட்டி வெளியே வராது; ஆகவே கிளட்ச் தட்டு, கார்பன் ரிலீஸ் பேரிங், ஐந்து பேரிங் எஞ்சின் என்றால் கிராங்கின் பின்புற ஆயில் சீல், இவற்றையும் இந்தச் சாக்கிலேயே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பழையதோடு பழையதைச் சேர்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. 1964இல் கிராங்க்ஷாஃப்ட் மூன்று பேரிங்கிலிருந்து ஐந்து பேரிங்குக்கு மாறியபோது ஸ்பிகாட் புஷ்ஷின் (கிராங்கின் பின்முனையில் பெட்டியின் தண்டு நுழையும் வளையம்) அளவும் மாறியது. அதனால் ஐந்து பேரிங் 18ஜிபி எஞ்சினோடு வந்த பெட்டி முந்தைய மூன்று பேரிங் 18ஜியில் நேராக நுழையாது, தனியாகப் புஷ் கடைய வேண்டும். போல்ட்டைப் பிடித்து இறுக்கி இழுத்தால் சேர்ந்துவிடும் என்று நினைத்தால் உடைவது பெட்டிதான்.

நெடுஞ்சாலை ஓட்டம்தான் கவலை என்றால் தேவை நான்காவது சிங்க்ரோ அல்ல, ஓவர்டிரைவ். மணிக்கு 70 மைலில் சுமார் 3,900 ஆர்பிஎம்மில் கத்தும் எஞ்சின், 0.802 விகித டி-டைப் லேகாக் ஓவர்டிரைவில் 3,100 அளவுக்கு இறங்கும். ஆனால் அந்த யூனிட்டை மட்டும் வாங்கிச் சாதாரணப் பெட்டியின் வாலில் மாட்ட முடியாது. உள்ளே மெயின்ஷாஃப்ட்டே வேறு. முழுப் பெட்டியாக வாங்குங்கள். ஓவர்டிரைவ் விடுபடாமல் சிக்கிக்கொண்டால் ரிவர்ஸ் எடுக்காதீர்கள், உள்ளே நொறுங்கிவிடும். ஸ்பீடோமீட்டர் முகப்பில் அச்சிட்ட எண்ணும் பெட்டிக்குப் பொருந்த வேண்டும்: 1280 என்று போட்ட மீட்டரை மைலுக்கு 1000 சுற்று தரும் பெட்டியோடு இணைத்தால் 60இல் போகும்போது 47 காட்டும்.

ஃபோர்டு சியராவின் டைப் 9 ஐந்து கியர் பெட்டிக்கு மாற்றுக் கிட்டுகள் கிடைக்கின்றன. டனல் தப்பும் என்பது அதன் கவர்ச்சி. முதல் கியர் 3.65, அடுத்தது 1.97, நடுவே விழும் இடைவெளி மேட்டில் உறுத்தும். இதில் என் கைப்பழக்கம் குறைவு, அதனால் வேண்டாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு சூழலில் என் தீர்ப்பு தலைகீழாகும். முந்தைய உரிமையாளர் யாராவது டனலை ஏற்கெனவே வெட்டியிருந்தால், நான்கு சிங்க்ரோ பெட்டியையே போடுங்கள். ஆகவே எந்தப் பாகத்துக்கும் முன்பணம் கொடுக்கும் முன், கார்ப்பெட்டையும் தார்ப்பூச்சையும் சுரண்டிவிட்டு டனலின் இரு ஓரங்களிலும் பற்றவைப்புக் கோடு ஓடுகிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள்.